படி

மழைக்கு முன்னால் களத்து நெல்லை அள்ளிவிடலாம்.
புதுவயலில் எல்லோருக்கும் வானம் பார்க்கத் தெரியும்.
அறிவிக்கை வரும் திசைதான் தெரிவதில்லை.
இரவு பதினொன்றுக்கு வருகிறது,
செக்காலை ரோட்டு சாத்தப்பன் அனுப்பும் பிடிஎஃப்பாக,
நாற்பத்தாறு பக்கம்.
கீழே அவருடைய ஒரே வரி:
"ஆச்சி, இதப் படிங்க. படியெல்லாம் போச்சு."

படித்தேன்.
கூலி என்றால் என்ன என்று
ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.
பதினோரு வருஷமாக மில் நடத்துகிறேன்,
எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை.
கூலி என்றால் ஏழாம் தேதி.
குருணை என்றால் சனிக்கிழமை.

சட்டம் மாறுகிறதென்று எனக்குப் புகார் கிடையாது.
ஈஎஸ்ஐ வரம்பு, முகம் காட்டிப் பதிவு
(இருளாயி முகத்தில் தவிடு, மூன்று தடவை கழுவிவிட்டு வந்தாள்),
பதினைந்தாம் தேதி சாயங்காலம் மூச்சு வாங்கும் இணையதளம்,
வந்ததையெல்லாம் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.
கம்பி நிறைந்து, மேல் தாள் இரண்டு
மின்விசிறிக்குப் படபடக்கிறது.

பேரேட்டைத் திறந்தேன்.
சேவுகன், மூட்டை ஏற்றுபவன், பதினாலாயிரம்.
அதில் கூலி ஐயாயிரம்.
மிச்சமெல்லாம் படி.
வீட்டு வாடகைப்படி: அவன் இருப்பது சொந்த ஓட்டுவீடு.
பயணப்படி: அந்த வீடு மில்லின் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது.
சலவைப்படி: அவன் சட்டை போட்டு நான் பார்த்தது
கொப்புடையம்மன் தேரன்று,
ஒரே ஒரு தடவை.

எழுதியது நான்தான், நல்ல கையெழுத்தில்.
கூலி சிறுத்தால் பிஎஃப் சிறுக்கும்.
அப்போது அதுவும் சட்டப்படிதான்.

இனிமேல் படிகள் பாதியைத் தாண்டக் கூடாதாம்.
தாண்டியது கூலியில் விழும்.
ஐயாயிரம் ஏழாயிரம்.
அறுநூறு எண்ணூற்று நாற்பது.
அவனிடம் இருநூற்று நாற்பது, என்னிடம் இருநூற்று நாற்பது,
இப்படி இருபத்து மூன்று பேர்.
தூசி படிந்த கால்குலேட்டரில்
சமக்குறியை மட்டும் இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

"குருணையும் கூலியில் சேருமா?" என்று கேட்டேன்.
சாத்தப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
"ஒம்பதாம் பக்கத்த நான் இன்னொருக்கா பாக்குறேன்" என்றார்.

ஏழாம் தேதி.
"கொறையுதே ஆச்சி."
உன் பெயரில்தான் சேர்கிறது என்றேன்.
"எங்கன?"
உன் கணக்கில்.
"நான் பாத்ததே இல்லயே."

போனில் திறந்தோம். ஓடிபி அவன் மகளுக்குப் போனது.
திருப்பூரில், தையல் மிஷின்களுக்கு நடுவிலிருந்து
ஆறு எண்களைக் கத்தினாள்.
ஒன்பது வருஷம் வரிவரியாக இறங்கியது.
எழுத்தென்றால் கூட்டிக்கூட்டித்தான் வாசிப்பான்,
எண்ணில் கெட்டி.
விரலை நகர்த்திக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"இங்கன மூணு மாசத்தக் காணம்."

பாய்லர் மாற்றிய வருஷம்.
பேங்க்காரன் வாசலில் நின்ற ஆடி, ஆவணி, புரட்டாசி.
அப்போது யாரும் கேட்கவில்லை.
நாற்பத்தாறு பக்கத்திலும் அது இல்லை.
"அப்பயும் மூட்டை தூக்குனேனே" என்றான்,
கேள்வியாகக்கூட இல்லை,
தனக்கே நினைவுபடுத்திக்கொள்வது போல.

அன்று ராத்திரி நான் சாத்தப்பனுக்கு அனுப்பினேன்:
மூன்று மாசம், அன்றைக்கு இருபத்தோரு பேர்,
வட்டியோடு, அபராதத்தோடு, எவ்வளவு.
நீல டிக் விழுந்தது.
வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.
ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை குருணை அளந்தேன்.
சேவுகன் முறை வந்தபோது
கை தானாகக் கோபுரமாய்க் குவித்தது.
அவன் முழங்கையை நீட்டி
படியின் வாயை ஒரே இழுப்பாய் இழுத்தான்.
கூடுதல், சாக்குக்குள்ளேயே உதிர்ந்தது.

"தலை தட்டியே போடுங்க ஆச்சி."